பிக்அப் பாடிக்கு லைனர்: போடுமுன் கிலோவைக் கணக்குப் பாருங்கள்

புது குட்டியானை (டாடா ஏஸ் போன்ற மினி டிரக்) எடுத்த முதல் வாரமே பாடிக் கடைக்குப் போய், சரக்குத் தளத்தில் செக்கர் பிளேட் (புடைப்பு வரி போட்ட இரும்புத் தகடு) அடித்துவிட்டு வருவது பெங்களூரில் பலருக்குப் பழக்கம். தகடு கனமாக இருந்தால் காலத்துக்கும் நிற்கும் என்ற நினைப்பு. நிற்கும்தான். ஆனால் அந்தத் தகடும் ஒரு லோடுதான். காலையில் ஏறினால் இரவு வரை இறங்காது, அதற்கு வாடகை கொடுக்கவும் யாருமில்லை. ஆகவே லைனர், அதாவது தளத்தைக் கீறலிலிருந்தும் துருவிலிருந்தும் காக்க மேலே போடும் உறை, வாங்கும்போது 'எவ்வளவு உறுதி' என்று கேட்பதற்கு முன்னால் 'எத்தனை கிலோ' என்று கேட்க வேண்டும். பல கடைகளில் இதற்குப் பதில் கிடைக்காது. நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஒரு டேப்பும் போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

கணக்குப் போடும் விதம்

தளத்தின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குங்கள். கம்பெனி ஏட்டில் உள்ள அளவை நம்பாமல், உள்பக்கம் விளிம்பிலிருந்து விளிம்புக்கு டேப் பிடியுங்கள். வந்த சதுர அடியைத் தடிமனால், அதாவது மி.மீ. எண்ணால் பெருக்கி, பொருளுக்குரிய எண்ணாலும் பெருக்கினால் கிலோ வந்துவிடும். இரும்புக்கு 0.73, அலுமினியத்துக்கு 0.25, ரப்பருக்கு 0.12 முதல் 0.14, தளத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி தடிமனாக அடிக்கும் ஸ்ப்ரே கோட்டிங்குக்கு 0.1, எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக்குக்கு 0.09, காய்ந்த பிளைவுட்டுக்கு 0.065. ரப்பரில் கலப்படத் தூள் கூடக் கூட எடையும் கூடும், அதனால்தான் அதற்கு இரண்டு எண்.

7 அடிக்கு 5 அடி தளம் என்று வைத்துக்கொள்வோம். டாடா ஏஸ் வகை வண்டிகள் ஏறத்தாழ இந்த அளவுதான். 35 சதுர அடி. 3 மி.மீ. இரும்புச் செக்கர் பிளேட் போட்டால், மேலே உள்ள புடைப்பு வரிகளையும் சேர்த்து 80 கிலோ. 14 கேஜ் வெறும் தகடு, அதாவது 2 மி.மீ., 51 கிலோ. 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ., 41 கிலோ. 3 மி.மீ. அலுமினியச் செக்கர் 28 கிலோ. 10 மி.மீ. ரப்பர் மேட் 42 கிலோ, 6 மி.மீ. என்றால் 25. 12 மி.மீ. பிளைவுட் 27 கிலோ, நனையாத வரைக்கும்.

பிளாஸ்டிக்கும் ஸ்ப்ரேயும் பக்கச் சுவர்களிலும் ஏறும். ஒரு அடி உயரச் சுவர் நாலு பக்கமும் இருந்தால் 24 சதுர அடி கூடி, மொத்தம் 59 ஆகும். அதையும் சேர்த்தே 3 மி.மீ. எச்.டி.பி.ஈ. 16 கிலோவுக்குள் முடிந்துவிடும். 2 மி.மீ. ஸ்ப்ரே 12 கிலோ.

பொலிரோ பிக்அப் போன்ற 9 அடித் தளங்களில் இதே செக்கர் பிளேட் 110 கிலோவைத் தாண்டும். ஒரு ஆள் நாள் முழுவதும் பின்னால் நின்றுகொண்டு வருவதைவிட அதிக பாரம்.

டீசலில் எவ்வளவு போகும்

அமெரிக்க எரிசக்தித் துறையின் வழிகாட்டு எண் ஒன்று உண்டு: வண்டியில் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ கூடினால் மைலேஜ் 1 சதவீதம் வரை குறையும். அந்த ஊர் வண்டிகள் கனமானவை, நம் மினி டிரக் வெறுமையில் ஒரு டன்னைக்கூடத் தொடாது. அதோடு நம் ஓட்டம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஓட்டம். எனவே இங்கே விகிதம் கூடுதலாகத்தான் இருக்கும்.

எடை இரண்டு இடத்தில் டீசலைத் தின்னும். ஒன்று, டயர் உருளும்போது. இது எப்போதும் இருப்பது, ஆனால் சிறியது. இன்னொன்று, நின்ற வண்டியைக் கிளப்பி 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோகும்போது. அப்படி ஏற்றிய வேகத்தை அடுத்த பிரேக்கில் வெப்பமாக விட்டுவிடுகிறோம். சில்க் போர்டு, கே.ஆர்.புரம், ஹெப்பாள் போன்ற நெரிசல் மிகுந்த இடங்கள் பக்கம் ஓடுகிற வண்டிக்கு இந்த இரண்டாவது செலவுதான் பெரியது. கிலோமீட்டருக்கு இரண்டு முறை நின்று கிளம்புவதாகவும், எஞ்சின் டீசலின் ஆற்றலில் கால்வாசியைச் சக்கரத்துக்குக் கொடுப்பதாகவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 80 கிலோ தகட்டுக்கு 100 கி.மீ.க்கு 200 மில்லி டீசல் வருகிறது. தினம் 80 கி.மீ., வருடம் 300 நாள் என்றால் 24,000 கி.மீ. அதற்கு 48 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று பிடித்தால் 4,300 ரூபாய். இது சாலையில் அளந்த எண் அல்ல, இயற்பியலில் போட்ட எண். உங்கள் ரூட்டுக்கு ஏற்பக் கூடக் குறைய இருக்கும்.

அதே கணக்கில் 42 கிலோ ரப்பர் மேட் 25 லிட்டர். 12 கிலோ ஸ்ப்ரே 7 லிட்டர்.

லோடு ஏற்றிய பிறகு இந்த வித்தியாசம் தெரியாது என்பார்கள். சதவீதத்தில் தெரியாது, உண்மைதான். லிட்டரில் அப்படியே இருக்கும். தகட்டின் 80 கிலோவை இழுக்க ஆகும் டீசல், மேலே அரிசி மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

டேங்க் டு டேங்க் நிரப்பிப் பார்த்து இதைப் பிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 20 லிட்டர் போடும்போது நாசில் கட் ஆகும் இடம் 300 மில்லி முன்னே பின்னே போனாலே ஒன்றரை சதவீதம் ஆடிவிடும். ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே ரூட் என்று குறைந்தது ஒரு மாதம் குறித்து வைத்தால்தான் ஏதாவது புலப்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அதே அமெரிக்கத் துறைக் கணக்கின்படி டயர்களில் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. காற்று குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். 10 பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டிக்கொண்டு லைனரில் கிலோ பார்ப்பதில் பொருளில்லை. தும்கூர் ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் படபடவென்று அடிக்கும் தார்ப்பாயும் அப்படித்தான். முதலில் அதை இழுத்துக் கட்டுங்கள்.

டீசலைவிடப் பெரிய இழப்பு

எடை பார்த்து லோடு ஏற்றுகிறவர்களுக்கு உண்மையான அடி ஏற்றும் திறனில்தான் விழும். 750 கிலோ ஏற்றலாம் என்ற வண்டியில் சிமெண்ட் 15 மூட்டை. 80 கிலோ தகடு அடித்தபின் மிச்சம் 670, அதாவது 13 மூட்டை. நடைக்கு இரண்டு மூட்டை போயிற்று. நாளைக்கு நாலு நடை என்றால் எட்டு. மூட்டைக்குக் கூலி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பெருக்கிப் பார்த்தால் டீசல் கணக்கு சில்லறையாகத் தெரியும்.

'யார் பார்க்கப் போகிறார்கள், 15 மூட்டையே ஏற்றலாம்' என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதன்மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலவரம். இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில். எடை மேடையில் வண்டி நிற்கும்போது தகட்டின் எடை தனியாகக் கழிக்கப்படாது, எல்லாம் மொத்த எடைதான்.

ஆர்.சி.யில் வெற்று எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். லைனர் போட்ட பிறகு ஒரு முறை காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி, டேங்க் நிரப்பி, ஆள் இறங்கி நின்று எடை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடையிலிருந்து அதையும் ஓட்டுநர், கிளீனர் எடையையும் கழித்தால் வருவதுதான் உண்மையில் ஏற்றக்கூடியது. எடை மேடைகள் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும். 12 கிலோ ஸ்ப்ரேயை அதில் தேட வேண்டாம். ரப்பர் மேட், தகடு போன்றவற்றைப் பொருத்துமுன் மண்டித் தராசிலேயே தனியாக நிறுத்துப் பார்த்துவிடலாம்.

சிட்டி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றுகிறவர், தெர்மாகோல், காலி கேன், பிரெட் டிரே ஏற்றுகிறவர்களுக்கு இந்த இழப்பு இல்லை. அவர்களுக்கு இடம்தான் முதலில் நிரம்பும், எடை அல்ல. டீசல் மட்டும்தான் அவர்கள் கணக்கு. ஆனால் அவர்களுக்குக் கனமான லைனரே தேவையில்லை என்பதும் உண்மை.

எதை ஏற்றுகிறீர்கள்?

பூ, பிரெட், துணி மூட்டை: விளம்பரப் பலகைக்குப் போடும் சன்பேக் ஷீட் 5 மி.மீ. போதும். மொத்தமே 3 கிலோ சொச்சம். ஒரு வருடத்தில் ஓரம் கிழியும், மாற்றிக்கொள்ளலாம்.

யஷ்வந்த்பூர் வெங்காய, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளுக்கும் கம்பெனித் தளமே தாங்கும். சேதம் வருவது இழுக்கும்போது ஏற்படும் கீறலில்தான். அதற்கு 2 மி.மீ. ஸ்ப்ரே அளவானது.

ரஸ்ஸல் மார்க்கெட் மீன் வண்டிக்கு நிலைமை வேறு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தகட்டு இணைப்புகளில் இறங்கினால் ஒரு மழைக்காலம் தாங்காது. இங்கே இணைப்பே இல்லாத மேற்பரப்பு வேண்டும், அது ஸ்ப்ரே மட்டும்தான். கழற்றும்படி மேலே எதைப் போட்டாலும் அடியில் உப்பு சேரும்.

கிரானைட், வார்ப்படம், பழைய இரும்பு, ஹாலோ பிளாக் ஏற்றுகிறவர்களுக்கு இரும்பு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஜிகணியில் கல் ஏற்றும் வண்டிக்கு 2 மி.மீ. கோட்டிங் போட்டுக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் தளம் முழுவதும் வேண்டுமா? பழைய வண்டி ஒன்றின் தளத்தைக் குனிந்து பாருங்கள். பின்கதவை ஒட்டிய இரண்டு அடியில் பெயிண்டே இருக்காது, வரிமேடுகள் நசுங்கிச் சப்பையாகியிருக்கும். எல்லாச் சரக்கும் அங்கேதான் முதலில் வந்து மோதுகிறது, அங்கிருந்துதான் உள்ளே தள்ளப்படுகிறது. நடுவில் நீள நீளமாகக் கீறல்கள். முன்பக்கம், கேபினை ஒட்டிய பலகையில், பிரேக் அடிக்கும்போது சரக்கு இடித்த பள்ளங்கள். ஓரங்களில் கம்பெனி பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும்.

ஆகவே நாங்கள் சொல்வது கலப்பு வேலை: தளம், சுவர் எல்லாவற்றுக்கும் 2 மி.மீ. ஸ்ப்ரே, அதன்மேல் பின்கதவை ஒட்டி 5 அடிக்கு 2 அடி மட்டும் 3 மி.மீ. செக்கர் பட்டை. பட்டை 23 கிலோ, கோட்டிங் 12. மொத்தம் 35 கிலோவில் 80 கிலோ செய்யும் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். கல் நேராக விழும் வண்டி என்றால் பட்டையை மூன்று அடியாக்குங்கள்.

ஸ்ப்ரே: காசு எங்கே ஏமாறும்

ஸ்ப்ரே வேலையில் கோட்டிங் அடிப்பது கடைசி அரை மணி நேரம். மற்றதெல்லாம் தளத்தைத் தயார் செய்வது, அதில்தான் கடைக்காரர்கள் கை வைப்பார்கள்.

சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு முழு நாள் காயவிட வேண்டும். துரு இருக்கும் இடத்தை வயர் பிரஷ் மாட்டிய கிரைண்டரால் வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் எபாக்ஸி பிரைமர். மீதிப் பரப்பை 80 நம்பர் எமரியால் தேய்த்துப் பளபளப்பை முழுக்க மழுக்க வேண்டும். வரிமேடுகளின் பக்கவாட்டில் எமரி எட்டாது, அங்கேதான் கோட்டிங் முதலில் உரியும். கையால் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை, உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. தண்ணீர் வடியும் ஓட்டைகள், பின்கதவு கீல், கயிறு கட்டும் கொக்கி எல்லாவற்றுக்கும் டேப் ஒட்ட வேண்டும். ஓட்டை அடைபட்டால் உங்கள் வண்டி குளம்.

அளவில் ஏமாறாமல் இருக்க ஒரு எளிய கணக்கு: ஒரு லிட்டர் ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நிற்கும். 59 சதுர அடி என்பது ஐந்தரை சதுர மீட்டர். 2 மி.மீ. வேண்டுமென்றால் 11 லிட்டர். கடைக்காரர் 4 லிட்டர் கிட் ஒன்றைக் காட்டி 'முழு வண்டிக்கும் ஆகும் சார்' என்றால், ஆகும், 0.7 மி.மீ.யில். கரைப்பான் கலந்த சரக்கு என்றால் காய்ந்தபின் அதுவும் குறையும். எடை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படக்கூடாது. அது லைனர் அல்ல, தடித்த பெயிண்ட்.

ஸ்ப்ரே செய்யும் சரக்கு இரண்டு டப்பாவிலிருந்து கலக்கும் பாலியூரிதேன். அது ஈரத்தோடு சேர்ந்தால் வாயு விடும், மேற்பரப்பு முழுக்கக் குமிழ் குமிழாக நிற்கும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழை நாட்களில் திறந்த ஷெட்டில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். மற்ற நாட்களிலும் விடியற்காலையில் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பனி ஈரம் இருக்கும், பத்து மணிக்கு மேல் தொடங்குவது நல்லது. இந்தச் சரக்கில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பழுதாக்கும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது, வெளிக்காற்று குழாய் வழியே வரும் முகமூடி அணிந்துதான் அடிக்க வேண்டும். வீட்டு ஷெட்டில் நீங்களே ஸ்ப்ரே செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எதையும் கலக்காமல் ஒரே டப்பாவிலிருந்து எடுத்து உருளையால் தேய்க்கும் சரக்கு இருக்கிறது, அதைக் காற்றோட்டமான இடத்தில் பூசலாம்.

காய்ந்தபின் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அன்றே லோடு ஏற்றுகிறவர்கள் உண்டு. லேசான சரக்குக்கு ஒரு நாள், முழு லோடுக்கு டப்பாவில் போட்டிருக்கும் நாள்கணக்கு, பொதுவாக மூன்று முதல் ஏழு நாள். அதற்கு முன்னால் கிரேட்டை இழுத்தால் கோட்டிங் தோலாக உரிந்து வரும்.

இதன் பெரிய குறை: ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது. வெயிலில் கறுப்பு சாம்பலாக வெளுக்கும், பலம் குறையாது.

பிளாஸ்டிக் தொட்டி

எச்.டி.பி.ஈ. அச்சில் வார்த்த தொட்டியாகக் கிடைக்கும், இல்லையென்றால் ஷீட்டாக வாங்கி வெட்டிப் போடலாம். எடையில் இது ஸ்ப்ரேயை ஒட்டி வரும். விலையும் கையைக் கடிக்காது. ஆனால் இரும்புத் தளத்துக்கும் இதற்கும் நடுவில் மணல் புகுந்துவிட்டால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது உப்புத்தாள் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், மேலே பளிச்சென்று இருக்கும் பிளாஸ்டிக்குக்கு அடியில் பெயிண்ட் தேய்ந்து, ஈர மணல் குழம்பாகி, வரிப்பள்ளம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு பொரிந்து நிற்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தினால் சில இடத்தில் அப்படியே உள்ளே போய்விடும்.

இதைத் தவிர்க்க, போடுமுன் தளத்துக்கு ஒரு கை பெயிண்ட், விளிம்புகளில் ஃபோம் டேப், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் தண்ணீர் அடிப்பது. கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்தால் இது நடக்காது. போல்ட் போடுங்கள், பெரிய வாஷரோடு.

வெட்டும்போது வெயிலுக்கு இடம் விடுங்கள். எச்.டி.பி.ஈ. வெப்பத்தில் நன்றாக நீளும். 7 அடி ஷீட் காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு செ.மீ. விரியும். நாலு பக்கமும் 5 மி.மீ. விட்டு, போல்ட் ஓட்டையை நீள்வட்டமாகக் குடையாவிட்டால் நடுவில் வயிறு எழும்பிக்கொள்ளும். வழுக்கும் என்பது இன்னொரு குறை. ஈரமான பிளாஸ்டிக்கில் கிரேட் நடனமாடும். சரக்கைக் கட்டாமல் ஓட்டுகிறவர்கள் இதை எடுக்கவே வேண்டாம்.

பெட்ரோல் கேனைப் பிளாஸ்டிக் தளத்தில் வைத்தபடியே நிரப்பக்கூடாது. நிலைமின்சாரம் இறங்க வழியில்லாமல் பொறி கிளம்பித் தீப்பிடிக்கலாம். கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

ரப்பர்

பிடிப்புக்கு ரப்பர்தான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கண்ணாடி ஏற்றுகிறவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஆனால் 10 மி.மீ. எதற்கு? 6 மி.மீ. போதும், 17 கிலோ மிச்சம். மாட்டுக் கொட்டகைக்குப் போடும் மேட்டை மலிவாக வாங்கிப் போடுகிறார்கள். ஆறரை அடிக்கு நாலு அடி, 17 மி.மீ. வரை தடிமனில் வரும். கணக்குப் போட்டால் 50 கிலோவைத் தாண்டுகிறது, அதுவும் தளம் முழுவதும் மூடாமலே.

ஒரே துண்டாக வாங்காமல் இரண்டாக வெட்டி வாங்குங்கள். ஒரு ஆள் சுருட்டித் தூக்க முடிந்தால்தான் தேவையில்லாத நாளில் வீட்டில் இறக்கி வைப்பீர்கள். கழற்றி வைக்க முடிவது ரப்பரின் பெரிய பலம், அதைப் பயன்படுத்தாவிட்டால் 42 கிலோவும் தண்டம். மழைக்குப் பிறகு ஒரு ஓரத்தையாவது தூக்கிச் செங்கல் வைத்துக் காயவிட வேண்டும். கறுப்பு ரப்பர் மதிய வெயிலில் கொதிக்கும். கீரை, பூ ஏற்றுகிறவர்கள் அடியில் சாக்கு விரிக்காமல் வைத்தால் அடி வரிசை வதங்கிவிடும்.

தகடும் பிளைவுட்டும்

'அண்ணா, 14 போடட்டுமா, 16 போடட்டுமா?' என்று பாடிக் கடையில் கேட்பார்கள். மூட்டைக்கு 16 போதும், வித்தியாசம் 10 கிலோ. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை மறந்து, 16-தான் கனம் என்று வாங்கி வருகிறவர்களும் உண்டு.

தகட்டைக் கம்பெனித் தளத்தின்மேல் சுற்றிலும் வெல்டு வைத்தால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் போக வழி இருக்கும், வெளியே வர வழி இருக்காது. துரு இரண்டையும் தின்னும். வெல்டு வைத்த இடத்தில் கீழ்ப்பக்கப் பெயிண்டும் எரிந்திருக்கும், அங்கே உடனே ரெட் ஆக்சைடு அடிக்காவிட்டால் அடியிலிருந்தும் தொடங்கும். போல்ட் போட்டு, நடுவில் 3 மி.மீ. ரப்பர் பட்டை கொடுப்பதே நல்ல வேலை. வெல்டிங் தவிர்க்க முடியாதென்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பி.எஸ்.6 வண்டியில் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. போனால் லைனர் காசைவிடப் பல மடங்கு.

அலுமினியம் இரும்பை நேரடியாகத் தொட்டு, நடுவில் ஈரமும் இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ரப்பர் பட்டையும் நைலான் வாஷரும் அவசியம். ஈரச் சிமெண்ட், சுண்ணாம்பு ஏற்றும் வண்டிக்கு அலுமினியம் ஆகாது, காரம் அதைக் கரைக்கும். மீன் வண்டிக்கும் வேண்டாம். மற்றபடி 28 கிலோவில் கிடைக்கும் உறுதிக்கு இது நல்ல பொருள். பழசானாலும் எடைக்குப் போட்டால் காசு வரும்.

பிளைவுட் எடுத்தால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை 12 மி.மீ. எடுங்கள். மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கம் வெட்டியே கொடுப்பார்கள். வெட்டிய விளிம்புகளுக்கும் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கும் உள்ளே பெயிண்ட் விடுவது முக்கியம், தண்ணீர் நுழைவது அங்கேதான். நனைந்த பிளை எத்தனை கிலோ கூடியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. விளிம்பு உப்பி அடுக்கு அடுக்காகப் பிரிந்தால் மாற்றுங்கள்.

துளை போடும் நாளில்

எந்த லைனரானாலும் துளை போடுமுன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் பைப், டீசல் டேங்க், பின்விளக்கு வயர் எல்லாம் தளத்துக்கு நேர் கீழே ஓடும். டிரில் பிட்டில் லைனரும் தளமும் சேர்ந்த தடிமனுக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் அதற்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஏஸ் ஈ.வி. போன்ற மின்வண்டிகளில் துளையே போடாதீர்கள், பேட்டரியும் ஹைவோல்டேஜ் கேபிளும் கீழே இருக்கின்றன. அங்கே ஸ்ப்ரே அல்லது கழற்றும் மேட்தான். பேட்டரி வண்டியில் ஒவ்வொரு கிலோவும் ரேஞ்சில் கழியும். பிரேக் போடும்போது கொஞ்சம் கரண்ட் திரும்பக் கிடைக்கும், முழுதும் அல்ல.

போட்ட துளையின் விளிம்புக்கு உடனே பிரைமர் தொட்டு வைத்து, காய்ந்த பிறகே போல்ட். பூட்டிய எல்லாப் போல்ட்டையும் 500 கி.மீ. ஓடியதும் ஒரு முறை இறுக்க வேண்டும்.

சுவரை உயர்த்துவது, பாடியின் அளவை மாற்றுவது எல்லாம் 52-வது பிரிவின்கீழ் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்யக்கூடாதவை. தளத்தில் மேட் விரிப்பதற்கு யாரும் கேட்கப்போவதில்லை, லைனரோடு சேர்த்து இரண்டு அடி ஆங்கிள் வேலி வைத்தால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது கேட்பார்கள். அந்த வேலியின் எடையும் லைனர் எடையோடு சேரும்.

சொந்த உபயோகத்துக்கு இசூசு டி-மேக்ஸ், ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த விகிதமெல்லாம் பாதியாகக் குறையும். வண்டியே இரண்டு டன்னை ஒட்டி இருக்கும்போது 15 கிலோவா 40 கிலோவா என்பது பெரிய பேச்சல்ல. அவர்கள் பிடிப்பும் பார்வையும் பார்த்து எடுக்கலாம். பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் காற்றுத் தடை குறையும் என்று அவர்களிடம் யாராவது சொல்வார்கள். கதவு மூடியிருக்கும்போது பாடிக்குள் ஒரு காற்றுச் சுழல் நின்றுகொண்டு மேலே வரும் காற்றை வழுக்கிப் போகவிடும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடும், சரக்கும் பெங்களூரின் நைஸ் (NICE) விரைவுச்சாலையில் சிதறும்.